ஆன்சி போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரான்ஸில் லியோன் நகரத்தில் மூன்று வருடம் இருந்தேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் பாரிஸ் பார்த்து முடித்ததும் ஆன்சிக்குத்தான் கூட்டிப்போவேன். ஊர் திரும்பிய பிறகும் யாராவது ஒரு குடும்பம் ஜெனீவா டிக்கெட் போட்டுவிட்டு "ஆன்சியில என்ன பாக்கணும்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கட்டணங்களும் நேர அட்டவணைகளும் வருடத்துக்கு வருடம் மாறும், அவற்றைக் கிளம்புவதற்கு முன் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரை எப்படிச் சொல்வது? எங்கே இருக்கிறது?

எழுத்துக்கூட்டிப் படித்து "அன்னெசி" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அங்கே "ஆன்சி" என்றால்தான் புரியும். பிரெஞ்சு ஆல்ப்ஸில், சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவுக்குத் தெற்கே 40 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கிற ஊர். ஓத் சவ்வா மாவட்டத்தின் தலைநகர். மலைக்கிராமம் மாதிரி கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். 2017-இல் சுற்றியிருந்த ஐந்து ஊர்களைச் சேர்த்துக்கொண்ட பிறகு ஒன்றேகால் லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் நகரம். ரயில் நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படுவது சாதாரணக் கடைத்தெருதான். அதைப் பார்த்து முகம் சுளித்த என் மாமா, பத்து நிமிடம் நடந்து ஆற்றங்கரைக்கு வந்ததும் பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஜெனீவாவிலிருந்து சாமோனி போகிற வழியில் அரை நாள் நிறுத்திப் பார்த்தால் போதாதா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. பார்க்கலாம், ஆனால் நீங்கள் பார்ப்பது ஊரை அல்ல, கூட்டத்தை. கோடையில் காலை பதினொரு மணிக்கு மேல் பழைய ஊரின் சந்துகளில் தோளோடு தோள் உரசித்தான் நடக்க முடியும். பகல் பயணிகள் எல்லாரும் ஒரே பாலத்தில் நின்று ஒரே படத்தை எடுத்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டு, சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார்கள். அவர்கள் போன பிறகும் அவர்கள் வருவதற்கு முன்பும்தான் ஊர் ஊராக இருக்கும். காலை ஏழு மணிக்கு எழுந்து போங்கள். ரொட்டிக்கடைக்காரர் கதவைத் திறக்கிற சத்தமும் மதகில் தண்ணீர் விழுகிற சத்தமும் தவிர வேறெதுவும் கேட்காது.

குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். ஒரு நாள் பழைய ஊருக்கு, ஒரு நாள் ஏரிக்கு. மூன்றாவது நாள் கிடைத்தால் மலைக்கு. சாமோனி மோன் பிளாங் சிகரத்தின் அடிவாரத்து ஊர், வேறு விதமான இடம், நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, இரண்டையும் ஒரே நாளில் அடைத்தால் இரண்டுமே மனதில் நிற்காது.

இன்னொன்று: மோன் பிளாங் சிகரம் ஆன்சி ஏரிக்கரையிலிருந்து தெரியாது. நடுவில் வேறு மலைகள் மறைத்து நிற்கின்றன. அதை எதிர்பார்த்துப் போய் ஏமாந்தவர்கள் உண்டு.

எப்படிப் போவது?

ஜெனீவா விமான நிலையத்திலிருந்தும் ஜெனீவா நகரத்திலிருந்தும் நேரடி பஸ் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். பாரிஸின் லியோன் ரயில் நிலையத்திலிருந்து நேரடி அதிவேக ரயில், நான்கு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். லியோன் நகரத்திலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். ஜெனீவாவிலிருந்து 2019 டிசம்பர் முதல் நேரடி ரயிலும் ஓடுகிறது, ஆனால் சுற்றிக்கொண்டு வருவதால் பஸ்ஸே தேவலாம்.

கார் வாடகைக்கு எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: சுவிஸ் பக்கம் எடுத்தால் சுவிஸ் நெடுஞ்சாலைக் கட்டணம் கட்டியதற்கான வில்லை ஒட்டியிருக்கும், பிரெஞ்சுப் பக்கத்தில் சுங்கச்சாவடியில் தனியாகக் கட்ட வேண்டும். ஊருக்குள் கார் வெறும் தொல்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏரியின் மேற்குக் கரைச் சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும், பக்கத்திலேயே சைக்கிள்காரர்கள் உங்களைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போவார்கள்.

விசா இரண்டு வேண்டுமா? சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லையே?

ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசா செல்லுபடியாகும் ஷெங்கன் நாடுகளில் ஒன்று. ஒரே ஷெங்கன் விசாவில் இரண்டு நாடும் போகலாம். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். எல்லையில் பெரும்பாலும் யாரும் நிறுத்த மாட்டார்கள், ஆனாலும் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பஸ்ஸில் ஏறிச் சோதித்ததை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

பழைய ஊரில் எதைப் பார்ப்பது?

ஏரியின் தண்ணீர் வெளியேறுகிற வழிதான் தியூ ஆறு. மொத்தமே மூன்றரை கிலோமீட்டர் நீளம், அதற்குள் ஊரைத் தாண்டிப்போய் ஃபியேர் என்ற ஆற்றில் கலந்து, அது ரோன் நதியில் சேர்கிறது. நம் ஊர் ஏரிகளுக்கு மதகும் கலங்கலும் இருப்பதுபோல இங்கேயும் ஆற்றின் குறுக்கே மதகுகள் வைத்து ஏரியின் மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். ஊருக்குள் கால்வாய்கள் பிரிந்து ஓடுவதால் 'ஆல்ப்ஸின் வெனிஸ்' என்று விளம்பரப்படுத்துகிறார்கள். அந்தப் பட்டம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை, வெனிஸில் இந்த அளவு தெளிந்த தண்ணீர் ஏது?

ஆற்றின் நடுவில் கப்பலின் முகப்பு மாதிரி கூராக நிற்கிற கல் கட்டடம் பலே டி லீல். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாணயச்சாலை, நீதிமன்றம், நெடுங்காலம் சிறை என்று பல வேடம் போட்டிருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் சிறையாக இருந்தது. அஞ்சலட்டைகளில் பார்க்கிற படம் இதுதான், எதிரில் இருக்கிற பெரியேர் பாலத்திலிருந்து எடுப்பது. உள்ளே போவதைவிட வெளியே நின்று பார்ப்பதுதான் அழகு.

மேலே ஏறினால் கோட்டை. பெயர்தான் ஆன்சி கோட்டை, கட்டியவர்கள் ஜெனீவாவின் பிரபுக்கள். ஜெனீவாவில் பிஷப்போடு அதிகாரச் சண்டை முற்றியதால் 13ஆம் நூற்றாண்டில் இங்கே ஜாகையை மாற்றிக்கொண்டார்கள். அந்தக் குடும்பத்தில் 1342-இல் இந்த ஊரில் பிறந்த ரொபேர் என்பவர்தான் பின்னாளில் தெற்கு பிரான்ஸின் அவிஞ்ஞோன் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு ரோம் போப்புக்குப் போட்டியாக ஏழாம் கிளமென்ட் என்று பட்டம் சூட்டிக்கொண்டவர். வேடிக்கை என்னவென்றால், 1530களில் ஜெனீவா சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைக்கு மாறியபோது கத்தோலிக்க பிஷப்பும் அங்கே இருக்க முடியாமல் போய், அந்தப் பதவி ஆன்சிக்கே வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் பிஷப்போடு மோதி வந்தவர்களின் ஊருக்கே பிஷப்பும் அகதியாக வந்தார்.

அப்படி ஜெனீவாவின் பிஷப் என்ற பெயரோடு ஆன்சியில் வாழ்ந்தவர்களில் பெரிய பெயர் புனித பிரான்சிஸ் டி சேல்ஸ். நம் ஊர்ப் பக்கம் புனித பிரான்சிஸ் சலேசியார் என்றும், அவர் பெயரைத் தாங்கிய சலேசிய சபைப் பள்ளிகள் என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள், அவரேதான். 1602 முதல் 1622 வரை பிஷப்பாக இருந்தார், 1610-இல் ஜான் டி ஷாந்தாலோடு சேர்ந்து விசித்தாசியோன் கன்னியர் சபையை இங்கே தொடங்கினார். இருவரின் எச்சங்களும் ஊருக்கு மேலே குன்றில் இருக்கிற பேராலயத்தில் உள்ளன. சலேசியப் பள்ளியில் படித்த என் அம்மாவின் தோழி ஒருவர் ஏரியைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

இது எப்போதுமே பிரான்ஸ்தானா? தெருப்பெயர், கொடி எல்லாம் வேறு மாதிரி இருக்கிறதே?

நல்ல கேள்வி. சிவப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட கொடியைப் பார்த்து சுவிஸ் கொடி என்று நினைத்துவிடாதீர்கள், அது சவ்வா கொடி, சிலுவை ஓரம்வரை நீளும். 1860-இல்தான் சவ்வா பகுதி பிரான்ஸோடு சேர்ந்தது. அதுவரை, நெப்போலியன் காலத்தை ஒட்டிய சில வருடங்களைத் தவிர, டூரினைத் தலைநகராகக் கொண்ட சார்டீனிய அரசுக்கு உட்பட்டிருந்தது. இத்தாலி ஒன்றாகச் சேர பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் செய்த உதவிக்குக் கைமாறாக நீஸும் சவ்வாவும் பிரான்ஸுக்கு வந்தன, பேருக்கு ஒரு வாக்கெடுப்பும் நடந்தது. "நாங்கள் முதலில் சவ்வா, அப்புறம்தான் பிரான்ஸ்" என்று வயதானவர்கள் பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் சொல்வார்கள்.

இன்னும் பழசு வேண்டுமென்றால் ஏரிக்கு அடியில் இருக்கிறது. மரக்கால் நட்டு அதன்மேல் வீடு கட்டி வாழ்ந்த கற்கால, வெண்கலக்கால மக்களின் தடயங்கள். ஆல்ப்ஸைச் சுற்றி இப்படி 111 இடங்களை யுனெஸ்கோ 2011-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, அதில் இந்த ஏரியும் வரும். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடப்பதால் கரையில் நின்று பார்க்க ஒன்றுமில்லை, கோட்டை அருங்காட்சியகத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஏரித் தண்ணீர் உண்மையிலேயே அவ்வளவு சுத்தமா, படத்தில் நிறம் கூட்டியிருக்கிறார்களா?

உண்மைதான். இதற்குப் பின்னால் இருக்கிற கதைக்காகவே ஆன்சி எனக்குப் பிடிக்கும்.

இயற்கை கொடுத்த வரம் என்று நினைப்போம். ஆனால் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இந்த ஏரி நாறத் தொடங்கியிருந்தது. கரையோர ஊர்கள் எல்லாம் கழிவை நேராக ஏரியில்தான் விட்டன. ஓட்டல்கள் பெருகின, மீன் குறைந்தது, தண்ணீர் கலங்கியது. ஏரியில் முக்குளிக்கும் பழக்கம் உள்ள போல் லூயி செர்வெத்தா என்ற மருத்துவர், ஏரி செத்துக்கொண்டிருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். நகரத்தந்தையாக இருந்த ஷார்ல் போசோன் அதைக் காதில் போட்டுக்கொண்டார். 1957-இல் கரையோர ஊராட்சிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு உண்டாக்கி, பிறகு ஏரியைச் சுற்றி வளையமாகப் பாதாளச் சாக்கடைக் குழாய் போட்டன. இதில் முக்கியமான விஷயம், கழிவைச் சுத்திகரித்துத் திரும்ப ஏரியிலேயே விடவில்லை. எல்லாவற்றையும் ஏரிக்குக் கீழே, தண்ணீர் வெளியேறும் பக்கத்துக்குக் கொண்டுபோய், அங்கே சுத்திகரித்து ஆற்றில் விடுகிறார்கள். ஏரிக்குள் சாக்கடைத் தண்ணீர், சுத்தம் செய்ததுகூட, வரக்கூடாது என்பது தீர்மானம். அந்தக் காலத்தில் சுற்றுச்சூழல் என்ற வார்த்தைக்கு ஓட்டு கிடையாது, கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் புதைகிற குழாய்க்கு வருடக்கணக்கில் பணம் கொட்ட ஒரு நகரத்தந்தைக்கு எவ்வளவு பிடிவாதம் வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்று ஊருக்குக் குடிநீரே இந்த ஏரியிலிருந்துதான் வருகிறது. உணவகத்தில் "ஊன் கராஃப் தோ" என்று கேட்டால் காசில்லாமல் ஒரு ஜாடித் தண்ணீர் வைப்பார்கள். பாட்டில் தண்ணீர் வாங்கிச் செலவு செய்யாதீர்கள்.

நீளம் 14 கிலோமீட்டருக்கு மேல், பரப்பு 27 சதுர கிலோமீட்டர், ஆழமான இடத்தில் 82 மீட்டர். அந்த ஆழத்தில் பூபியோ என்ற ஊற்று இருக்கிறது, அங்கிருந்தும் மலையோடைகளிலிருந்தும் தண்ணீர் வருகிறது.

குளிக்கலாமா?

தாராளமாக. ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் 20 டிகிரிக்கு மேலே போகும், நமக்கு முதல் ஐந்து நிமிடம் உயிர் போகும், அப்புறம் பழகிவிடும். கரையில் குளிக்கும் இடங்கள் நிறைய. சிலவற்றில் கோடையில் நுழைவுக் கட்டணம், சிலவற்றில் இல்லை. உயிர்காப்பவர்கள் கோடையில்தான், அதுவும் குறிப்பிட்ட நேரத்தில்தான் இருப்பார்கள். கரை சில இடங்களில் திடீரென்று ஆழமாகும், நீச்சல் தெரியாதவர்கள் கயிறு கட்டிய எல்லைக்குள்ளேயே இருங்கள்.

யாரும் சொல்லாத ஒரு விஷயம்: வெயில் காலத்தில் கரையோர ஆழமில்லாத தண்ணீரில் நெடுநேரம் கிடந்தால் உடம்பெல்லாம் அரிக்கும் சிவப்புத் தடிப்பு வரலாம். உள்ளூரில் இதை 'வாத்துத் தெள்ளு' என்பார்கள், உண்மையில் வாத்துகளிடமிருந்து நத்தை வழியாக வருகிற நுண்ணுயிர். ஆபத்தில்லை, ஆனால் என் தங்கை மகனுக்கு மூன்று நாள் தூக்கம் போனது. வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் குளித்துத் துண்டால் அழுத்தித் துடைத்துவிடுங்கள்.

ஏரியைச் சுற்றிவர எது நல்லது, படகா சைக்கிளா?

கால் ஒத்துழைத்தால் சைக்கிள். ஒரு சுற்று ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மேற்குக் கரையில் பழைய ஆல்பெர்வீல் ரயில் பாதையைத்தான் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள், அதனால் ஏற்ற இறக்கம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். துவான் என்ற ஊரில் பழைய ரயில் சுரங்கத்துக்குள்ளேயே புகுந்து வருவீர்கள், கோடையிலும் அங்கே குளிரும். கிழக்குக் கரை வேறு கதை. தல்வார் பக்கம் ஏற்றம் இருக்கிறது, சில இடங்களில் வண்டிகளோடு போக வேண்டும். பழக்கமில்லாதவர்கள் துவான் வரை போய் அதே வழியில் திரும்புங்கள், அதுவே போதும். அல்லது மின்சைக்கிள் எடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்பா அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் படகு. சுமார் ஒரு மணி நேரத்தில் ஏரியைச் சுற்றிக் காட்டுகிற படகும் உண்டு, ஊர் ஊராக நிறுத்திப்போகிற படகும் உண்டு. இரண்டாவதில் ஏறி மான்தோனில் இறங்கினால் மேலே கோட்டை தெரியும். ஆல்ப்ஸ் கணவாயில் பனியில் சிக்கிய வழிப்போக்கர்களுக்கு மடம் கட்டிய புனித பெர்னார்து அங்கே பிறந்ததாகச் சொல்கிறார்கள். ஆமாம், அந்தப் பெரிய நாய் இனத்துக்குப் பெயர் வந்தது அவரால்தான்.

மலைக்கு எப்படிப் போவது? ரோப் கார் இருக்கிறதா?

ஏரிக்கரையிலிருந்து ரோப் கார் இல்லை, அந்த விதத்தில் சுவிஸ் ஊர்களோடு ஒப்பிடாதீர்கள். எளிதான வழி செம்னோ மலை. 1,699 மீட்டர், உச்சிவரை தார்ச்சாலை, கோடையில் ஊரிலிருந்து பஸ்ஸும் ஓடும். மோன் பிளாங்கை இங்கிருந்துதான் பார்க்க வேண்டும், வானம் தெளிவாக இருந்தால் வெள்ளைச் சுவர் மாதிரி நிற்கும். குளிர்காலத்தில் ஊர் மூடுபனிக்குள் நாள்கணக்கில் கிடக்கும்போது இங்கே ஏறினால் கீழே மேகக் கடல், மேலே வெயில்.

ஏரிக்கு எதிரே தெரிகிற உயரமான முரட்டு மலை தூர்னெத், 2,351 மீட்டர். கடைசிப் பகுதியில் சங்கிலி பிடித்து ஏற வேண்டும், மலையேறிப் பழகியவர்களுக்கு மட்டும். ஃபோர்க்லா கணவாயில்தான் பாராகிளைடிங். 1,157 மீட்டர் உயரம். அங்கிருந்து குதித்து ஏரியின் தென்முனையில் தூசார் என்ற ஊரில் இறங்குவார்கள், பயிற்சி பெற்ற ஒருவரோடு சேர்ந்து பறக்கலாம். பறக்கவில்லையென்றாலும் அங்கே போய் உட்கார்ந்து மற்றவர்கள் ஓடிப்போய்க் குதிப்பதைப் பாருங்கள், பொழுது போவதே தெரியாது. கோடையில் மதியத்துக்கு மேல் இடிமழை வரும், எந்த மலையானாலும் காலையிலேயே போய்விட்டு வந்துவிடுங்கள்.

மலை வேண்டாம், ஆனால் மலை மாதிரி ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு ஃபியேர் ஆற்றின் பள்ளத்தாக்கு. பத்து கிலோமீட்டர் தள்ளி லொவாஞ்ஞி ஊரில், செங்குத்தான பாறைச் சுவரில் ஆணியடித்த மாதிரி தொங்குகிற நடைபாதை, 1869 முதல் இருக்கிறது. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

எந்த மாதம்?

செப்டம்பர். தண்ணீரில் சூடு மிச்சமிருக்கும், கூட்டம் பள்ளிக்கூடம் திரும்பியிருக்கும். ஜூனில் அனிமேஷன் திரைப்பட விழா நடக்கிற வாரம் அறையே கிடைக்காது. 1960-இல் தொடங்கிய விழா, அந்தத் துறையில் உலகிலேயே பெரியது. ஆனாலும் அறை கிடைத்தால் போகலாம், ஏரிக்கரைப் புல்வெளியில் இரவில் பெரிய திரை கட்டி எல்லாருக்கும் இலவசமாகப் படம் காட்டுவார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் வாணவேடிக்கைத் திருவிழா, ஊர் பிதுங்கும். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மலை மேய்ச்சலிலிருந்து இறங்கி வரும் மாடுகளைக் கழுத்துமணியும் பூவுமாக அலங்கரித்துப் பழைய ஊர்த் தெருக்களில் ஓட்டிவருவார்கள். மாட்டுப்பொங்கல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அன்று அங்கே அந்நியமாகவே இருக்காது.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். இந்த வட்டாரத்தின் சாப்பாடே சீஸும் உருளைக்கிழங்கும்தான். தார்த்திஃப்ளெத் என்று எல்லாக் கடையிலும் இருக்கும், உருளைக்கிழங்கு, வெங்காயம், மேலே ரெப்லோஷோன் சீஸ். அதில் பன்றிக்கறித் துண்டு போடுவார்கள், "சான் லார்தோன்" என்றால் இல்லாமல் செய்து தருவதுண்டு, முன்கூட்டியே கலந்து வைத்திருந்தால் முடியாது என்பார்கள். பாரம்பரிய உணவு என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், 1980களில் சீஸ் விற்பனையைப் பெருக்கப் பரப்பிய பதார்த்தம் அது. ஃபோந்து என்கிற உருக்கிய சீஸில் கறி இல்லை, ஆனால் ஒயின் உண்டு. ரொம்பக் கட்டுப்பாடானவர்கள் கவனிக்க: ரெப்லோஷோனை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற பொருளால்.

ரெப்லோஷோன் பெயரின் கதை நன்றாக இருக்கும். இடைக்காலத்தில் மேய்ச்சல் நிலத்துக்குக் குத்தகை, கறக்கிற பாலின் அளவை வைத்துத்தான். நிலக்காரன் அளக்க வரும் நாளில் முழுசாகக் கறக்காமல் மடியில் கொஞ்சம் விட்டுவைத்து, அவன் தலை மறைந்ததும் இரண்டாம் முறை கறப்பார்கள். அந்த இரண்டாம் கறவைப் பால் கொழுப்பு மிகுந்தது, அதில் செய்த சீஸுக்கு 'மறுபடி கறந்தது' என்று பெயர்.

சாப்பாட்டு நேரம் தவறினால் பட்டினிதான். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு, இரவு ஏழுக்கு மேல். இரண்டரை மணிக்குப் பசியோடு பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு கதவாகத் தட்டிய அனுபவம் எனக்கு உண்டு, கடைசியில் ரொட்டிக்கடைதான் காப்பாற்றியது. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு காலைகளில் பழைய ஊரில் சந்தை கூடும், பழமும் ரொட்டியும் சீஸும் வாங்கிப் புல்வெளியில் உட்கார்ந்தால் செலவும் மிச்சம்.

சுவிஸ் பிளக் அடாப்டர் போதுமா?

போதாது. சுவிஸின் மூன்று முனை பிளக் பிரெஞ்சு சுவரில் நுழையாது. மெல்லிய இரண்டு முனை போன் சார்ஜர் இரண்டு இடத்திலும் வேலை செய்யும். பணமும் இரண்டு இடத்தில் வேறு வேறு, ஆன்சியில் யூரோ.

சீஸ் ஊருக்கு வாங்கிவரலாமா?

சந்தையில் கேட்டால் காற்று புகாமல் உறையில் அடைத்துத் தருவார்கள், "சூ வீட்" என்று சொல்லுங்கள். கெட்டியான அபோந்தான்ஸ், தோம் மாதிரி வகைகள் பயணத்தைத் தாங்கும். ரெப்லோஷோனை மட்டும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். உறையில்தானே இருக்கிறது என்று நம்பி, துபாயில் ஒன்பது மணி நேரம் விமானம் மாறக் காத்திருந்து சென்னை வந்து சேர்ந்தேன். வீட்டில் பெட்டியைத் திறந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று கேட்டார்.